துருவும் துரு போன்றவையும்: சென்னைக்கு மேற்கே ஒரு பயிர்நோய் ஆய்வு

பயிர்நோய்ப் பாடநூல்களில் துரு நோய் என்றாலே கோதுமைதான் முன்னால் வந்து நிற்கும். தண்டில் கருந்துரு, இலையில் பழுப்புத் துரு, கோடு கோடாக மஞ்சள் துரு என்று மூன்று படங்களைப் போட்டு மாணவர்களின் கண்ணை அதற்கே பழக்கிவிடுவார்கள். அம்பத்தூரில் தொடங்கி ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் வரைக்கும், இந்தப் பக்கம் பூவிருந்தவல்லியிலிருந்து திருமழிசை, வெள்ளவேடு வரைக்கும் தேடினாலும் ஒரு கோதுமை வயல் கண்ணில் படாது. மனைகளுக்கு நடுவே மிச்சமிருப்பது நெல், கீரை, கத்தரி, வெண்டை, கொஞ்சம் மல்லி. வடமேற்கே பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் போனால் நிலக்கடலை. இவை போக, அடுக்குமாடிகளின் மொட்டைமாடியில் அவரையும் காராமணியும், வீட்டு வாசலில் ஒரு மாமரமும் ஒரு கொய்யாவும்.

இந்தப் பயிர்களை வைத்துக்கொண்டு துரு நோயை எப்படி அடையாளம் காண்பது என்று பார்க்கப் போனால் கேள்வியே திசை மாறிவிடுகிறது. இந்த வட்டாரத்தில் "துரு புடிச்சிருக்கு" என்று உரக்கடைக்கு எடுத்துவரப்படும் இலைகளில் பூசணத் துருவும் உண்டு, பாசியும் உண்டு, சத்துக் குறைபாடும் உண்டு, வெறும் தண்ணீர்க் கறையும் உண்டு. எது துரு இல்லை என்று கழித்துக்கட்டுவதே இங்கே பாதி வேலை. அதற்கு நுண்ணோக்கியைவிட முதலில் உதவுவது 'என்ன பயிர்?' என்ற கேள்விதான்.

ஏன் அப்படி என்றால், துருப் பூசணங்கள் இடம் பார்த்துக் குடியேறுபவை. உலகில் 7,000க்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவை தமக்கென்று ஒரு செடியையோ, நெருங்கிய உறவுள்ள சில செடிகளையோ மட்டும்தான் பிடிக்கும். கடலைத் துரு கத்தரிக்கு வராது. அவரைத் துரு கடலைக்கு வராது. உயிருள்ள இலையில் மட்டுமே வாழும் என்பதால், மற்றப் பூசணங்களைப் போல ஆய்வகத்தில் உருளைக்கிழங்குச் சாற்றை ஊற்றி வழக்கமான முறையில் வளர்த்துப் பார்த்துப் பெயர் சொல்லவும் முடியாது. பயிரின் பெயர் உறுதியாகத் தெரிந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டிய துருக்கள் ஒன்றோ இரண்டோதான். சில பயிர்களுக்கு ஒன்றுமே இல்லை.

அந்தச் சில பயிர்களில் தலையானது நெல். கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், மக்காச்சோளம், சோளம், கம்பு என்று பெரிய தானியங்கள் எல்லாவற்றுக்கும் துரு உண்டு. நெல்லுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு துரு நோய் கிடையாது. நெல்லின் இந்த எதிர்ப்பைக் கோதுமைக்குக் கொண்டுபோக முடியுமா என்று உலகின் பல ஆய்வகங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் முதல் பயிரே நெல் என்பதால் இந்த ஒரு செய்தி மட்டும் பரவலாகத் தெரிந்தாலே, சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவத்திலும் வீணாகும் மருந்துச் செலவில் ஒரு பங்கு மிச்சம் என்பது என் கணிப்பு.

அப்படியானால் நெல் வயலில் துரு நிறத்தில் தெரிவது என்ன? நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாகி, கீழ் இலைகளில் துருப்பிடித்த தகரம்போலப் பழுப்புப் புள்ளிகள் இறைந்து கிடந்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் குறைபாடு. வடக்கே இதை 'கைரா' என்று அழைத்து, நோயா பூச்சியா என்று குழம்பிக் கிடந்தார்கள். பந்த்நகர் பல்கலைக்கழகத்தில் ஒய்.எல். நேனே 1966இல் அது துத்தநாகப் பற்றாக்குறை என்று காட்டினார். ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் இட வேண்டிய இடத்தில் பூசணக் கொல்லி அடித்து ஒரு பயனும் இல்லை. இலை நரம்புகளுக்கு இடையே மெல்லிய கோடுகளாகத் தொடங்கி, அவற்றின்மேல் காலையில் மஞ்சள் மணி மணியாகக் கசிந்து காய்ந்திருந்தால் அது பாக்டீரியா இலைக்கீற்று நோய். காய்ந்த கசிவு துருக் கொப்புளம் போலவே தோன்றும். ஆனால் விரலில் பொடி ஒட்டாது. சொரசொரவென்று மணலைத் தடவியதுபோல் இருக்கும்.

நெல்லில் ஒரே ஓரிடத்தில்தான் கண்ணும் கையும் சேர்ந்து ஏமாறும். கதிர் பால் பிடித்த பிறகு சில மணிகள் மட்டும் வீங்கிப் பிதுங்கி, முதலில் ஆரஞ்சு நிறப் பந்தாகவும் பிறகு பச்சை கலந்த கறுப்பாகவும் மாறும். தொட்டால் விரலெல்லாம் மஞ்சள் பொடி. துருவுக்குச் சொல்லப்படும் எல்லா லட்சணமும் இருக்கிறதே என்று தோன்றும். இதுதான் நெல்பழம். நல்ல விளைச்சல் வரும் ஆண்டில் அதிகம் தெரிவதால் லட்சுமி நோய் என்றும் சொல்வதுண்டு. இதை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் இங்கிலாந்தின் எம்.சி. குக். 1878இல் அவர் கையில் கிடைத்த மாதிரி திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனது. அவர் அதைக் கரிப்பூட்டை வகையில் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் அதுவும் இல்லை என்று வேறு குடும்பத்துக்கு மாற்றினார்கள். குக் போன்ற நிபுணரே நிறத்தையும் பொடியையும் வைத்துத் தடுமாறிய இடத்தில் உரக்கடைக்காரரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

திருவள்ளூர் போகும் ரயில் பாதையை ஒட்டிய திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திரூர்க்குப்பம் என்ற ஊர்ப் பெயரின் சுருக்கம்தான் டி.கே.எம். வரிசை நெல் ரகங்களில் உள்ளது. அந்த வரிசையில் வந்த டி.கே.எம். 6, ஐ.ஆர். 20 ரகத்துக்குப் பெற்றோராக அமைந்தது. பூச்சிக்கும் நோய்க்கும் தாக்குப்பிடிக்கும் நெல்லைத் தேடி உலகம் வந்த இடம் இது. துருவுக்கு மட்டும் இங்கே யாரும் நெல்லில் தேட வேண்டியிருந்ததில்லை.

இனி உண்மையான துருவுக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் நிலக்கடலைக் கொல்லைக்குத்தான் போக வேண்டும்.

பக்சினியா அராக்கிடிஸ் என்ற இந்தப் பூசணத்தின் ஊரும் கடலையின் ஊரும் ஒன்றே: தென் அமெரிக்கா. பராகுவேயில் எடுத்த மாதிரியை வைத்து ஸ்பெகாஸினி 1884இல் பெயர் வைத்தார். அதன் பிறகு நெடுங்காலம் அமெரிக்கக் கண்டங்களோடு பெரும்பாலும் நின்றிருந்தது, 1970களின் தொடக்கத்தில் இந்தியா முழுக்கப் பரவியது. ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் 1972இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் நிலையம் தன் தொடக்கக் காலத்திலேயே இதை ஒரு முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. திண்டிவனத்தில் உருவாகி, நாடெங்கும் பயிரான டி.எம்.வி. 2 இதற்கு எளிதில் இடம்கொடுக்கும் ரகம். பின்னாளில் தார்வாடில் உருவான ஜி.பி.பி.டி. 4 துருவையும் இலைப்புள்ளியையும் ஒருசேரத் தாங்கும்.

மார்கழிப் பட்டத்துக் கடலையில், பூப்பிடித்து விழுது இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், காலைப் பனி காய்வதற்கு முன் ஒரு கீழ் இலையைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் அங்கங்கே வெளிர் மஞ்சள் பொட்டு மட்டும்தான். ஒன்றும் பெரிதாகத் தெரியாது. அடிப்புறத்தில் அதே இடத்தில் குண்டூசி முனையளவு வெண் புடைப்பு. கைலென்ஸை வைத்தால் இலையின் மேல்தோல் மெல்லிய சவ்வாக உப்பி நிற்பது தெரியும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் சவ்வு கிழிந்து உள்ளிருந்து செம்பழுப்புப் பொடி வெளியே தள்ளும். கிழிந்த தோல் அந்தப் பொடிக் குவியலைச் சுற்றி ஒரு சிறு விளிம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த விளிம்புதான் துருவின் கையெழுத்து. பொடி இலைக்கு மேலே வந்து படிந்ததல்ல, இலையைக் கிழித்துக்கொண்டு உள்ளிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு வெள்ளைத் தாளை இலையின் அடியில் வைத்துத் தட்டினால் தாளில் மஞ்சள் பழுப்புத் தூள் விழும். தேய்த்தால் கோடு இழுக்கும்.

கடலையில் துருவோடு கூடவே வருவது டிக்கா என்ற இலைப்புள்ளி. இரண்டும் ஒரே இலையில் இருக்கும்; இரண்டும் சேர்ந்தால் விளைச்சலில் பாதிக்கு மேல் போகும். முன்பருவ டிக்கா மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளி. பின்பருவ டிக்கா இலையின் அடியில் கரிப்பொட்டு மாதிரி கன்னங்கறேலென்று இருக்கும். புள்ளிகளைப் பிரித்தறிய முடியாத அளவுக்கு முற்றிய கொல்லையில்கூடத் தூரத்தில் நின்று ஒன்று சொல்லலாம்: டிக்கா வந்த செடி இலையை உதிர்த்துவிட்டு மொட்டைக் குச்சியாய் நிற்கும். துரு வந்த இலை கருகிச் சுருண்டு காய்ந்தாலும் செடியிலேயே தொங்கும். வரப்பில் நடக்கும்போது காலில் சலசலக்கிறதா, செடியில் சலசலக்கிறதா என்று கேட்டால் போதும்.

கடலைத் துரு தங்கிப் பிழைக்க நம் நாட்டில் வேறு பயிர் எதுவும் தெரியவரவில்லை. வித்துகள் வெயிலில் நெடுநாள் தாங்குவதில்லை. ஒரு பட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அது உயிர் பிழைப்பது அறுவடையில் தவறிய கடலை தானாக முளைக்கும் செடிகளில். கேணி மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் முளைக்கும் அந்தச் செடிகளைப் பிடுங்கிப்போடுவது மருந்தைவிட மலிவு. இதையெல்லாம் பரிந்துரைப் பட்டியலில் கடைசி வரியாகப் போடுகிறார்கள். முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

பூவிருந்தவல்லிப் பக்கத்துக் கீரைப் பாத்திகளில் கதை வேறு. தண்டுக்கீரையிலும் முளைக்கீரையிலும் மேலே மஞ்சள் திட்டு. திருப்பினால் அடியில் பால் துளி உறைந்தது போன்ற வெண் கொப்புளங்கள். "வெள்ளப் புள்ளி உழுந்தா கட்டு போவாதுங்க" என்பார்கள் கீரை கட்டும் பெண்கள். வேளாண் துறைக் கையேடுகளில் இதன் பெயர் வெண்துரு. கொப்புளம் உள்ளிருந்து வெடிக்கிறது, பொடி உதிர்கிறது, தோல் விளிம்பு நிற்கிறது, எல்லாம் சரி. ஆனால் இது துருப் பூசணமே அல்ல; பூசண இனத்திலேயே சேர்த்தி இல்லை. வில்சோனியானா பிளிட்டி என்ற இந்த உயிரி, அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் உண்டாக்கிய கருகல் நோயின் தூரத்து உறவு. நீர்ப்பூசணம் என்ற தனிக் கிளையைச் சேர்ந்தது. தண்ணீர்ப் படலம் கிடைத்தால் வித்துப் பையிலிருந்து நீந்தும் வித்துகள் வெளிவரும். பூவாளியால் மேலிருந்து தெளிக்கும் பாத்தியில் அது வேகமாகப் பரவுவதற்கு இதுதான் காரணம்.

இந்த வேறுபாட்டை வெறும் வகைப்பாட்டுச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. துருவுக்கு இன்று கடையில் அதிகம் எடுத்துக்கொடுப்பது ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் போன்ற மருந்துகள். அவை பூசணத்தின் உடலில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் உருவாவதைத் தடுத்து வேலை செய்பவை. நீர்ப்பூசணங்கள் அந்தப் பொருளை உண்டாக்குவதே இல்லை. எனவே அந்த மருந்துக்கு அங்கே வேலையும் இல்லை. விதைத்து ஒரு மாதத்துக்குள் அரிந்து, மறுநாள் விடியலில் கோயம்பேட்டுக்குப் போய், மதியம் குழந்தையின் தட்டில் விழும் கீரையின் மேல், பலிக்காத மருந்தை அடிப்பதைவிட மோசமான நோயறிதல் பிழை வேறொன்று இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. நெருக்கமாக விதைப்பதைக் குறைத்து, பாத்திக்கு அடியில் தண்ணீர் பாய்ச்சி, புள்ளி விழுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மல்லியில் அசலும் உண்டு, ஏமாற்றும் உண்டு. சாதிமல்லி, முல்லை வகைகளில் யூரோமைசஸ் ஹாப்ஸோனி என்ற உண்மைத் துரு வரும். இளந்தண்டும் இலைக்காம்பும் மொட்டும் வீங்கிக் கோணி, அவற்றின் மேல் மஞ்சள் கிண்ணங்கள் அடுக்கி வைத்ததுபோல் கொப்புளங்கள் திறக்கும். இலையிலும் இளந்தண்டிலும் வெண்ணிறக் கம்பளி படர்ந்ததுபோல் இருந்தால் அது பூசணம் அன்று. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேனின் வேலை. அந்தக் கம்பளி, பேன் கடித்த எரிச்சலில் செடியே வளர்த்துக்கொள்ளும் மயிர். தடவினால் பொடி வராது.

கத்தரிக்கும் கம்புக்கும் உள்ள உறவு இந்தத் துறையின் அழகான துப்பறியும் கதைகளில் ஒன்று. நடந்தது நம் மாநிலத்தில். பல துருக்களுக்கு ஒரே வாழ்வில் ஐந்து வகை வித்துகள் வரை உண்டு. சில இனங்கள் அந்த வாழ்வை இரண்டு முற்றிலும் வேறான செடிகளில் பகிர்ந்துகொள்கின்றன. கத்தரி இலையின் அடியில் தெரியும் மஞ்சள் கிண்ணக் கொத்தும், கம்பு இலையில் தெரியும் செம்பழுப்புக் கொப்புளமும் ஒரே பூசணத்தின் இரண்டு பருவம் என்பதை டி.எஸ். ராமகிருஷ்ணனும் சி.கே. சௌமினியும் 1948இல் வெளியிட்டார்கள். இங்கே கத்தரிப் பாத்தியில் அந்தக் கிண்ணங்களைக் கண்டால் கத்தரியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் யார் கம்பு போட்டிருக்கிறார்கள் என்று கேட்பதுதான் சரியான கேள்வி. மக்காச்சோளத் துருவுக்கு இதே உறவு புளியாரைக் களையோடு.

மாடித்தோட்ட அவரை, காராமணித் துருவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூரோமைசஸ் இனம், எல்லாப் பருவமும் ஒரே செடியில், ஐப்பசி மழைக்குப் பிறகு கீழ் இலையில் பழுப்புக் கொப்புளம், இலை முற்றியதும் அதே இடத்தில் கறுப்புக் கொப்புளம். இலையைக் கிள்ளிப் போட்டால் பெரும்பாலும் சரி. மாடிக்காரர்களைக் குழப்புவது வேறு இரண்டு. மா இலையின் மேற்புறத்தில் வட்ட வட்டமாகச் செங்கல் நிற வெல்வெட் திட்டுகள்: இது செஃபலியூரோஸ் என்ற பச்சைப்பாசி. பச்சையை மறைக்கும் ஒரு செந்நிறப் பொருள் அதனுள் இருப்பதால் 'சிவப்புத் துரு' என்று பெயர் வாங்கிவிட்டது. துரு பெரும்பாலும் இலையின் அடியில். பாசி பெரும்பாலும் மேலே. இன்னொன்று ஆழ்துளைக் கிணற்று நீர். இரும்பு கலந்த தண்ணீரைத் தினமும் இலைமேல் தெளித்தால் பழுப்புப் படலம் படியும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காரர்கள் அறிந்த அதே துருதான் அது. பயிர்நோய் நூலில் இடமில்லாத ஒரே அசல் துரு.

துருவைக் கண்ணுக்குப் பழக்க வேண்டுமென்றால் வயலுக்குப் போகக்கூட வேண்டாம். கோயில் வளாகத்திலோ பூங்காவிலோ ஓர் ஈழத்தலரி மரத்தின் முதிர்ந்த இலையைத் திருப்பினால் போதும். மழைக்காலம் முடிந்த கையோடு அடிப்புறம் முழுக்க ஆரஞ்சுப் பொடி. கோலியோஸ்போரியம் என்ற அந்தத் துரு நம் ஊர்களில் நன்றாகவே வேரூன்றிவிட்டது. லென்ஸில் பொறுமையாகப் பார்த்தால் பொடிக்கு நடுவே அதே நிறத்தில் சிறு புழுக்கள் நெளிவதும் சிலசமயம் தெரியும். துரு வித்தை மட்டுமே தின்று வளரும், கொசு போன்ற ஒரு சிற்றீயின் புழு அது. நோயைத் தின்பவரையே நோய்க்குக் காரணம் என்று நினைத்துப் பூச்சி மருந்து அடிப்பவர்களும் உண்டு.

லென்ஸுக்கு மேல் போனால் நுண்ணோக்கி. ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ் உருவாக்கிய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு பெரிதாக்கும். ஒளிபுகும் ஒட்டுநாடாவால் பொடியைத் தொட்டு ஒற்றி, கண்ணாடியில் ஒரு துளி நீரில் பதித்தால் வித்தின் வடிவம் தெரியும். குளிர்ந்த அல்லது முதிர்ந்த பருவத்துக் கறுப்பு வித்து இரண்டு அறையாக இருந்தால் பக்சினியா, ஒரே அறையாக இருந்தால் யூரோமைசஸ், வரிசையாகப் பல அறை என்றால் ரோஜாத் துருவான ஃபிராக்மீடியம். இலங்கையில் 1869இல் காபித் தோட்டங்களில் தோன்றிய துருவைப் பெர்க்லியும் புரூமும் புது இனமாகப் பிரித்தது வித்தின் ஒரு பாதி வழவழப்பாகவும் மறுபாதி முட்களோடும் இருந்ததால்தான். அதை அடையாளம் கண்டுவிட்டார்கள், தடுக்க முடியவில்லை. 1880இல் மார்ஷல் வார்டு போய் அதன் வாழ்க்கையை விளக்கியபோது தோட்டங்கள் சரிந்துகொண்டிருந்தன. மலையகத் தமிழர் காபியிலிருந்து தேயிலைக்கு மாறிய வரலாற்றில் அந்தப் பாதி முள் வித்துக்கும் ஒரு பங்கு உண்டு.

கைப்பேசிச் செயலிகள் இப்போது இலைப் படத்தைப் பார்த்து நோய்ப் பெயர் சொல்கின்றன. கடலைக்கும் மக்காச்சோளத்துக்கும் அவை ஓரளவு உதவும். ஆனால் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் நின்றபடி மேற்புறத்தைத்தான் எடுக்கிறார்கள். துருவின் செய்தி அடிப்புறத்தில் இருக்கிறது. செயலிக்குக் கையும் இல்லை. தேய்த்துப் பார்க்க முடியாது. பெயரை உறுதிசெய்யக் கடைசி வழி மரபணு வரிசை. விவசாயி யாருக்கும் அது தேவைப்படுவதில்லை.

சந்தேகம் தீராத இலையைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போகலாம். போகும்போது பாலிதீன் பையில் போடக்கூடாது. ஈரத்தில் வேர்த்து, வழியிலேயே வேறு பூசணம் ஏறிவிடும். பழைய செய்தித்தாளின் மடிப்புக்குள் பசுமையான ஓரிலை, பாதி காய்ந்த ஓரிலை, நன்றாக முற்றிய ஓரிலை என்று மூன்றையும் தட்டையாக வைத்து, பயிரின் பெயரையும் ரகத்தையும், நட்ட தேதியையும், முதலில் கீழ் இலையில் வந்ததா மேல் இலையில் வந்ததா என்பதையும் அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். பக்கத்துப் பாத்தியில் என்ன பயிர் என்பதையும் சேர்த்து எழுதினால் பார்ப்பவருக்கு வேலை பாதியாகும்.